நூற்றுத் தொண்ணூறு வெள்ளி

இரண்டாம் கியரிலிருந்து மூன்றுக்கு மாறும்போது
பின்னாலிருந்து யாரோ உதைக்கிறார்கள் என்றாள் யோகேஸ்வரி.
பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில்
இரவு வேலை முடித்து நேராக வந்திருந்தாள்,
கழுத்தில் அட்டை தொங்க.
அட்டை மட்டும்தான் தொங்கியது.

இரண்டு பட்டறை பார்த்தாகிவிட்டதாம்.
இரண்டிலும் ஒரே தீர்ப்பு:
கியர் பெட்டி போச்சு, ஆறாயிரம் வெள்ளி.
இரண்டிலும் யாரும் காடிக்கு அடியில் படுக்கவில்லை.

ஜெலுத்தோங் அப்போதுதான் கொதிக்கத் தொடங்கியிருந்தது.
ஸ்கேனரைச் செருகினேன்.
எண்ணெய் அழுத்தம் குறைவு என்றது.
இதைப் படித்துவிட்டுத்தான் அவர்கள் விலை சொல்லியிருப்பார்கள்.
அழுத்தம் குறைவதும்
குறைகிறது என்று ஒருவன் சொல்வதும்
ஒன்றா?

சாவியை மட்டும் திருப்பி, என்ஜினை எழுப்பாமல் பார்த்தேன்.
பூஜ்யம். சரியான பூஜ்யம்.
எழுப்பினேன். நான்கரை. சரி.
எண்ணெயை விரலில் தொட்டு முகர்ந்தேன்:
நல்ல சிவப்பு, தீய்ந்த வாடை இல்லை.
குளிர்ந்திருக்கும்வரை எல்லாம் ஒழுங்கு.
சில பேரைச் சூடேற்றித்தான் பார்க்க வேண்டும்.

பித்தளை மீட்டரை அடியில் முடுக்கி
குழாயை ஜன்னல் வழியாக உள்ளே இழுத்து
முன் கண்ணாடியோரம் டேப் போட்டு ஒட்டினேன்.
ஸ்டியரிங்கில் அவள், மடியில் ஸ்கேனருடன் நான்.
ஆயர் ஈத்தாம் போ என்றேன்.
"சாப்பிடவா?"
"மேடு ஏற."

பாசார் முனையில் லாக்சாவுக்கு வந்த காடிகள்
இரண்டு வரிசையாய் அடைத்து நிற்க
நகர்ந்தும் நின்றும் இருபது நிமிடம்.
அதுவும் நல்லதுதான்.
எண்ணெயைக் காய்ச்ச நெரிசலைப் போல அடுப்பு இல்லை.

கெக் லோக் சீ தாண்டி
அணைக்கட்டுச் சாலையின் இரண்டாவது வளைவில் தொடங்கியது.
திரையில் நான்கு.
மூன்று.
இரண்டு புள்ளி ஒன்று.
கண்ணாடியோரத்து முள்
எதிர்ப்பக்கம் ஏறிக்கொண்டிருந்தது: ஐந்து, ஏழு, ஒன்பது.

குறைகிறது குறைகிறது என்று சென்சர் கத்த,
கணினி பாவம், அதை நம்பி,
ஐயோ பற்றாது என்று அள்ளி அள்ளி ஊற்றுகிறது.
ஊற்றியதெல்லாம் மூன்றாம் கியரில் வந்து இடித்தது.
எங்கள் இருவர் தலையும் முன்னால் போய்த் திரும்பின.
"இதோ, இதோ, இதுதான்க்கா!"
திருடனைக் கையும் களவுமாகப் பிடித்தவள்போல் கத்தினாள்.

பட்டறைக்கு வந்து செருகியைக் கழற்றினேன்.
உள்ளே, வரக்கூடாத இடத்தில்,
சிவப்பு எண்ணெய்.
கட்டைவிரல் அளவு பித்தளைத் துண்டு.
சூட்டில் அதன் வயிறு கசிந்து
கம்பிமுனைகளை நனைத்திருக்கிறது.
கியர் பெட்டிக்கு ஒன்றுமில்லை.
அதைப் பற்றிச் சேதி சொல்கிறவனுக்குத்தான்
நாக்குக் குழறுகிறது.

சாமான் நூற்றுத் தொண்ணூறு வெள்ளி,
கூலியோடு இருநூற்று அறுபது என்றேன்.
சிரிப்பாள் என்று நினைத்தேன்.
"அவ்ளோதானா?
அவங்க ரெண்டு பேரும் ஆறாயிரம்னாங்களே.
நல்லாப் பாத்தீங்களாக்கா?"

ஆறாயிரத்துக்குத் தயாராக வந்திருந்தாள்.
அதற்காகக் கழற்றியிருந்தாள், எண்ணியிருந்தாள்,
அழுதும் முடித்திருந்தாள்.
இருநூற்று அறுபதை எங்கே வைப்பதென்று
அவளுக்குத் தெரியவில்லை.

புதியதை மாட்டி மறுபடி மேடு ஏறினோம், அவள் கேட்டதால்.
திரையும் முள்ளும்
பக்கத்தில் பக்கத்தில் ஒரே எண்ணைச் சொல்லிக்கொண்டு வந்தன.
மூன்றாம் கியர் எப்போது விழுந்தது,
தெரியவே இல்லை.
ஓரமாக நிறுத்தினாள்.
ஸ்டியரிங்கை விடாமல் சற்று நேரம் இருந்தாள்.
"சீட்டுக்கு இன்னும் ஆறு மாசம் தவணை இருக்கு."
சங்கிலியைச் சொல்கிறாள் என்று
புரிய எனக்கு நேரமாயிற்று.

பழைய சென்சரைக் கேட்டு வாங்கி
டிஷ்யூவில் சுருட்டிக் கைப்பையில் போட்டுக்கொண்டாள்.
யாருக்குக் காட்ட என்று நான் கேட்கவில்லை.

மாலை இரும்புக் கதவை இழுத்துப் பூட்டி
என் காடியில் ஏறினேன்.
மூன்று மாதமாய் எரிகிற மஞ்சள் விளக்கு.
அதன்மேல் ஒட்டிவைத்த பெட்ரோல் நிலையத்து ஸ்டிக்கர்
ஓரத்தில் உரிந்திருந்தது.
அழுத்தி ஒட்டினேன்.